பதினான்காம் பரிந்துரை

மருத்துவர்களுக்கு மதிப்பெண் போடும் வேலை ஒரு தடவையாவது என் கையில் கிடைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. இருபத்திரண்டு வருடமாக அவர்கள் எழுதிக்கொடுக்கும் சீட்டைப் பார்த்துப் பேச்சுப் பயிற்சி கொடுத்துவருகிறவள் நான். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கு 'அ' சொல்லிக்கொடுத்தே என் தொண்டை பாழாய்ப் போயிருக்கிறது. அந்த ஆசை நிறைவேறியபோது அது இப்படிப் போய் முடியும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

விஷயம் இதுதான். பேச்சிழந்தவர்களுக்கு என்ன பயிற்சி, எத்தனை நாள் பயிற்சி என்பதில் எங்கள் மருத்துவமனையில் ஆளாளுக்கு ஒரு வழி. இனிமேல் எல்லோரும் ஒரே நெறிமுறைப்படி நடக்க வேண்டும் என்று துறைத்தலைவி முடிவு செய்தார். வெவ்வேறு மருத்துவக் குழுக்கள் எழுதிய ஐந்து நெறிமுறைகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் தலையணை கனம். இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து ஐந்தையும் படித்து, இருபத்து மூன்று கேள்விகளுக்கு ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண் போட வேண்டும். யார் உட்கார்ந்து எழுதினார்கள், எந்த ஆராய்ச்சியை வைத்து எழுதினார்கள், மருந்துக் கம்பெனிக்காரன் எவனாவது பின்னால் நின்றானா, நோயாளியை ஒரு வார்த்தை கேட்டார்களா, இப்படிப் போகும் கேள்விகள். எது அதிகம் வாங்குகிறதோ அதுதான் அடுத்த மாதம் முதல் எங்களுக்குச் சட்டம்.

அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான். இன்னொருவர் ஆராய்ச்சிப் பிரிவுக்காரர். அவரைப் புள்ளிவிவரம் என்றுதான் துறையில் எல்லோரும் கூப்பிடுவோம். மழை வருமா என்று கேட்டால் எத்தனை சதவீதம் என்று பார்க்காமல் குடையைத் தொட மாட்டார்.

இதில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. என் அக்கா அதே மருத்துவமனையில் நோயாளி. அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். தையல்கடை வைத்திருந்தாள். துணி கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவள் வாயைக் கேட்கத்தான் வருவார்கள். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலை, அளவு குறித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்து கத்தரிக்கோல் விழுந்தது. வலது கை போயிற்று, கூடவே வாயும் போயிற்று. நாம் பேசுவது எல்லாம் அவளுக்குப் புரியும், பதில்தான் வராது. ஒரு சொல், ஒரே ஒரு சொல்கூட வரவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இடது கையால் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை என்று நாங்களாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். சொந்தக்காரிக்கு நானே பயிற்சி கொடுக்கக் கூடாது என்பதால் வாரத்துக்கு மூன்று நாள், காலை பத்து மணிக்கு, என்னுடன் வேலை செய்கிறவள் கொடுக்கிறாள். போன வாரம்தான் முதன்முதலாக 'ம' சொல்ல அக்காவின் உதடு சேர்ந்தது. சத்தம் வரவில்லை, உதடு சேர்ந்தது. அதற்கே நான் கழிப்பறைக்குள் போய் நின்று அழுதேன்.

இதைத் துறைத்தலைவியிடம் சொல்லி, நான் மதிப்பெண் போடலாமா என்று கேட்டேன். நான் நியாயமாகப் போடுவேன் என்று தனக்குத் தெரியும் என்றார் அவர். அந்த ஒரு வார்த்தை போதாதா, நியாயம் தலைக்கேறிவிட்டது எனக்கு.

ஐந்தில் பச்சை அட்டை போட்டதுதான் உண்மையிலேயே நன்றாக எழுதப்பட்டிருந்தது. மற்ற நான்கிலும் நோயாளி என்று ஒரு பிறவி இருப்பதே தெரியவில்லை. பச்சை அட்டையில் மட்டும் குழுவின் பட்டியலிலேயே 'நோயாளி உறுப்பினர்' என்று ஒருவர் இருந்தார். பேச்சிழந்தவர், ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். ஐந்து கூட்டங்கள், இருபது பரிந்துரைகள். பின்னிணைப்பில் ஒவ்வொரு பரிந்துரைக்கும் கீழே 'நோயாளி உறுப்பினர்: ஒப்புதல்' என்று போட்டிருந்தார்கள். எனக்கு மனது குளிர்ந்துபோயிற்று. நோயாளியைக் கேட்டார்களா என்ற கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஏழு போட்டேன்.

அதற்குப் பிறகுதான் பதினான்காம் பரிந்துரையை மறுபடி படித்தேன். 'ஆறு மாதத்துக்குப் பின் நேரடிப் பயிற்சியை நிறுத்தி, வீட்டுப் பயிற்சித் தாள்களை வழங்கலாம். நோயாளி உறுப்பினர்: ஒப்புதல்.' அக்காவுக்கு இன்னும் நான்கு வாரம்தான் இருந்தது. என் கையாலேயே அவள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் என்ன செய்வது, பாதிக்கப்பட்ட மனிதரே சரி என்று சொல்லியிருக்கும்போது நான் யார் இல்லை என்று சொல்ல?

புள்ளிவிவரம் அங்கே வந்து மூக்கை நுழைத்தார். ஏழு போட்டால் ஆதாரம் இணைக்க வேண்டுமாம், பின்னிணைப்பு போதாதாம். எரிச்சலோடுதான் அந்தக் குழுவுக்கு எழுதிப் போட்டேன். மூன்றாம் நாளே மரியாதையான கடிதத்தோடு ஐந்து கூட்டங்களின் ஒலிப்பதிவும் வந்துவிட்டது. இவ்வளவு திறந்த மனதோடு கொடுக்கிறார்களே என்று அதற்கும் மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்து முதல் கூட்டத்தைப் போட்டேன். எதிரே அக்கா இடது கையால் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பதிவில் ஒரு பழைய மின்விசிறியின் சத்தம் விடாமல் கேட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்று ஒரு சொடக்கு. அதற்கு நடுவே தலைவர் ஒவ்வொரு பரிந்துரையாக வாசித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் "ஐயாவுக்கு?" என்று கேட்டார்.

"சரி" என்றது ஒரு கனத்த குரல்.

நல்ல குரல். பேருந்தின் கடைசி இருக்கை வரைக்கும் கேட்கும். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. இரண்டாவது பரிந்துரைக்கும் சரி. மூன்றாவதுக்கும் சரி. தேநீருக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டதற்கும் சரி. வழியில் மழையா என்று ஒரு பெண் கேட்டதற்கும் சரி. அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று யாரோ விசாரித்தார்கள். "சரி" என்றார். "ஐயாவுக்கு எல்லாமே சரிதான்" என்று அந்தப் பெண் அன்பாகச் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் தொழிலில் இது முதல் வருடப் பாடம். பேச்சு மொத்தமும் அழிந்துபோன சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். என்ன சொல்ல வாயைத் திறந்தாலும் அதுதான் வரும். என்னிடம் ஒருவர் வந்துகொண்டிருந்தார். பசிக்கிறதா என்றால் செவ்வாய்க்கிழமை என்பார். கால் வலிக்கிறதா என்றாலும் செவ்வாய்க்கிழமைதான். அவரைக் கேட்டு யாரும் நாள் குறித்ததில்லை. ஆனால் ஒட்டிக்கொண்ட சொல் 'சரி'யாக இருந்துவிட்டால்? அந்த மேஜையைச் சுற்றி ஒன்பது நிபுணர்கள் இருந்தார்கள், எல்லோரும் இதே தொழில். ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவர்களைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், எனக்கே வெட்கமாகப் போயிற்று. ஏழு போட்டவள் யார்?

அப்போதுதான் கவனித்தேன். அக்கா துணி மடிப்பதை நிறுத்தியிருந்தாள். அவள் கண் மடிக்கணினியின் மேல் இருந்தது. தலைவர் கேட்டார், குரல் சரி என்றது, அக்காவின் இடது கை மேஜையில் இரண்டு முறை தட்டியது.

அடுத்த பரிந்துரை. "சரி." இரண்டு தட்டு.

ஜன்னலைச் சாத்தட்டுமா என்றார்கள். "சரி." ஒரே ஒரு தட்டு.

அவள் எனக்குப் பதில் சொல்லவில்லை. அந்த மனிதர் சொல்வதை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எல்லாம் ஒரே சரியாகக் கேட்டது. அவளுக்கு ஒவ்வொன்றும் வேறாகக் கேட்டது. முதல் மூன்று கூட்டங்களில் முப்பத்தொரு தடவை அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். ஒன்பதுக்கு அக்கா ஒரு தட்டு தட்டினாள், எல்லாம் தேநீர், ஜன்னல், நாற்காலி போன்றவை. இருபத்திரண்டுக்கு இரண்டு தட்டு. அன்று இரவே கேள்விகளை வெட்டிவிட்டு, 'சரி'களை மட்டும் வரிசை மாற்றிப் போட்டுக் காட்டினேன். முப்பத்தொன்றுக்கும் அதே தட்டுகள் வந்தன, ஒன்றுகூட மாறவில்லை. நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். பத்தாவது தடவையில் லேசாகப் பிடிபட்டது. அந்தச் சரிகளில் சில கெஞ்சின. ஒன்று கெட்ட வார்த்தை போல இருந்தது.

பதினான்காம் பரிந்துரை ஐந்தாம் கூட்டத்தில் வந்தது. தலைவர் நிதானமாக வாசித்தார். பிறகு, "ஐயாவுக்கு?"

விசிறி நான்கு முறை சொடுக்கியது. யாரும் பேசவில்லை. "சரி, எழுதிக்கறேன்" என்றாள் அந்தப் பெண். அடுத்ததற்குப் போய்விட்டார்கள்.

அக்கா இரண்டு முறை தட்டினாள்.

"அக்கா, அவர் ஒண்ணும் சொல்லலையே."

இரண்டு தட்டு. மறுபடி போட்டேன். நான்கு சொடக்கு, அதில் இரண்டாவது முடிந்ததும் அக்காவின் கை தட்டியது. மறுபடி போட்டேன். அதே இடம், அதே இரண்டு தட்டு. காதொலிப்பானை மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். விசிறியைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அக்கா அழுதுகொண்டிருந்தாள். நோய் வந்த நாளில்கூட அவள் அழுது நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அந்தக் குழுவின் செயலாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். பதிவில் சிரித்த அதே பெண்குரல். ஐந்தாம் கூட்டத்தில் ஓட்டுநர் ஐயா எங்கே உட்கார்ந்திருந்தார், ஒலிவாங்கிக்குத் தள்ளியா என்று கேட்டேன்.

"அவர் மூணாவது கூட்டம் முடிஞ்ச வாரமே தவறிட்டாருங்க" என்றாள்.

நாலாவது, ஐந்தாவது கூட்டங்களில் ஒப்புதல் என்று இருக்கிறதே என்றேன். அவள் தடுமாறவில்லை, மறைக்கவும் இல்லை. அவர் மேல் எல்லோருக்கும் மரியாதையாம். அதனால் அவர் நாற்காலியை எடுக்கவில்லையாம். தலைவர் கடைசி வரைக்கும் அந்த நாற்காலியைப் பார்த்து ஒவ்வொரு பரிந்துரையையும் கேட்பாராம். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுப்பார்களாம்.

"கேட்டுட்டு நீங்களே ஒப்புதல்னு எழுதிட்டீங்களா?"

"வேற என்னங்க எழுதறது? அவர் இருந்திருந்தாலும் சரின்னுதானே சொல்லியிருப்பாரு. ஒரு தடவைகூட வேற சொன்னதில்லையே."

அக்காவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவர் இறந்ததும் தெரியாது, நாற்காலியும் தெரியாது. நான் அன்றும் சொல்லவில்லை, சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஏழு என்பதை அடித்துவிட்டு ஒன்று போட்டேன். விதிப்படி இரண்டு பேருக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் உட்கார்ந்து பேச வேண்டும். புள்ளிவிவரம் ஆறு போட்டிருந்தார். இறந்தவர் பேரில் எழுதியது தப்புதான், இரண்டு மதிப்பெண் குறைக்கிறேன் என்றார். முதல் மூன்று கூட்டங்களுக்கு உங்கள் ஆதாரம் என்ன, உங்கள் அக்காவின் கையா என்று கேட்டார். கிண்டல் இல்லை, அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் கேட்பார். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. பதிவை நீட்டினேன்.

அவர் பெரிய காதொலிப்பானை மாட்டிக்கொண்டு ஐந்தாம் கூட்டத்தைக் கேட்டார். அந்த இடம் வந்ததும் சட்டென்று கழற்றி மேஜையில் வைத்தார். என்ன கேட்டது என்றேன். விசிறி என்றார். பிறகு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

துறைத்தலைவி இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார். மற்ற கேள்விகளில் பச்சை அட்டைதான் உசத்தி, அதையே எடுத்துக்கொள்ளலாம். பதினான்காம் பரிந்துரையை மட்டும் நாமே ஒரு நோயாளியை வைத்துக் கேட்டுவிடலாம். அவர் சொல்வதுதான் முடிவு. வேறு யாரையோ தேடுவானேன், உங்கள் அக்காவையே கூட்டி வாருங்கள் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. இரண்டு தட்டு தட்டினால் முடிந்தது வேலை என்று அக்காவிடம் முந்தின நாளே சொல்லிவைத்தேன். அவளும் ஒரு தட்டு தட்டினாள்.

புதன்கிழமை காலை பதினொரு மணி. கூட்ட அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது, கதவு சாத்தியிருந்தது. துறைத்தலைவி, புள்ளிவிவரம், நான், சக்கர நாற்காலியில் அக்கா. நடுவில் ஒலிப்பதிவுக் கருவி, அதன் சின்னச் சிவப்பு விளக்கு. குறிப்பெழுதுவது புள்ளிவிவரம். துறைத்தலைவி பரிந்துரையை வாசித்தார். அக்கா பக்கம் குனிந்து, அன்பாகவே கேட்டார்.

"ஆறு மாசத்தோட பயிற்சிய நிறுத்திடலாமா அம்மா? உங்களுக்கு?"

அக்காவின் உதடு அசைந்தது. அடித்தொண்டையிலிருந்து, கனமாக, கடைசி இருக்கை வரைக்கும் கேட்கும்படி வந்தது.

"சரி."

ஐந்து மாதம் நான் ஏதாவதொரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். 'ம'வுக்காக, ஒரு முனகலுக்காக. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நொடியில் எனக்குச் சந்தோஷம்தான் பொங்கியது. அக்கா பேசிவிட்டாள். துறைத்தலைவியின் கண் கலங்கிவிட்டது, பேசிட்டாங்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். புள்ளிவிவரத்தின் பேனா 'ஒப்புத' வரைக்கும் எழுதிவிட்டது. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுத் திகைத்துப்போயிருந்தாள். கண் இரண்டும் அகலமாகத் திறந்திருந்தன. அந்தக் குரலை நான் முப்பத்தொரு தடவை கேட்டிருக்கிறேன், அது அவள் குரல் இல்லை.

அவள் இடது கை மேலே போய் மேஜையில் விழுந்தது. இன்னொரு முறை விழுந்தது.

"இல்லைங்கறா" என்றேன். "கை சொன்னதை எழுதுங்க."

"வாயால சரின்னு சொன்னாங்களே" என்றார் துறைத்தலைவி.

"வாய் அவரோடது மேடம். கைதான் எங்க அக்காவோடது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. துறைத்தலைவி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஆனால் புள்ளிவிவரம் பார்க்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. எழுதியதை அடித்துவிட்டு, யாரையும் கேட்காமல், 'நோயாளி உறுப்பினர்: இல்லை' என்று எழுதி, துறைத்தலைவியின் முன்னால் நகர்த்தி வைத்தார். நோயாளி சொல்வதுதான் முடிவு என்று துறைத்தலைவி வாக்குக் கொடுத்திருந்தார். அவர் கையெழுத்துப் போட்டார். அக்காவின் பயிற்சி நிற்காது. அவளுடையது மட்டுமல்ல, யாருடையதும் நிற்காது.

அன்று மாலை ஐந்து மணிக்குப் புள்ளிவிவரம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பதிவைக் கேட்டுக் குறிப்பை முழுமையாக்கிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு எனக்குப் போட்டுக்காட்டினார். துறைத்தலைவியின் கேள்வி. சரி என்ற குரல். அக்காவின் இரண்டு தட்டு. நான் பேசியது, மேடம் பேசியது, மறுபடி நான் பேசியது. அதற்குப் பின் நாங்கள் எல்லோரும் வாயடைத்து உட்கார்ந்திருந்த அந்தச் சின்ன இடைவெளி. அதில் மெல்ல ஒரு விசிறிச் சத்தம் வந்தது. நான்கு முறை சொடுக்கியது. இரண்டாவது சொடக்குக்குப் பின், மேஜையின் மறுகோடியிலிருந்து வருவது போல, ஒரே ஒரு தட்டு. நிதானமான, கனத்த தட்டு.

"நம்ம ரூம்ல ஃபேனே கிடையாது" என்றார் அவர்.

நான் தலையாட்டினேன். ஒரு தட்டு என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

அவர் குறிப்பின் முதல் பக்கத்தைத் திருப்பினார். தேதி, நேரம் எல்லாம் போட்டிருந்தார். 'வந்திருந்தோர்' என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

"எத்தனை பேர்னு போடட்டும்?" என்று கேட்டார்.

நான்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா தவிர இன்னொரு நோயாளி உறுப்பினரும் அங்கே இருந்தார் என்பதை எப்படி இல்லை என்று சொல்வது?

"அஞ்சு" என்றேன்.

அவர் ஆதாரம் கேட்கவில்லை.